வியர்ப்பதற்கென்று ஓர் அறை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலாக்காவில், பெம்பான் பக்கத்தில், மத்தியானம் வாசலில் நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற ஊரில், உட்கார்ந்து வியர்ப்பதற்காக வீட்டுக்குள் ஓர் அறை கட்டியவன் நான். அதைக்கூட மன்னித்துவிடலாம். அதை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியாது. அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்கு முன்னால் ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்திருந்தேன். ரப்பருக்கு ஒத்துக்கொண்டது மனிதருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று ஒருவன் நினைத்தால் அவனைத் தூரத்திலிருந்து பார்ப்பதுதான் நல்லது. எனக்கு அந்த வசதி இல்லை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று முகச்சவரம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கிளேபாங் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலையில் இருந்தேன். சட்டைப்பைக்கு மேல் டெக்னீஷியன் என்று நூலால் தைத்திருக்கும். உண்மையில் செய்ததெல்லாம் அடைத்துக்கொண்ட கழிவறைக் குழாய்களைக் குத்திவிடுவதுதான். என் மனைவி ஃபேக்டரியில் வேலை செய்தாள். விடிந்ததும் அவளுக்கு வேன் வந்துவிடும். இரண்டு சம்பளம், பெம்பானில் ஒரு தரைவீடு, பின்பக்கம் நாங்களே இழுத்துக் கட்டிய அடுப்பங்கரை. குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் வலி, பிறகு வலி குறைந்து இறுக்கம். கை தோளுக்கு மேலே போகவே மறுத்தது. ஏன் வந்தது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இப்படி வரும் என்றார், ஏதோ அடையாள அட்டை மாற்றுவதைப் பற்றிச் சொல்வது போல. இடுப்புவரை முடி அவளுக்கு. அதை அவளால் பின்ன முடியாமல் போனது. அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. வேன்காரன் வெளியே ஹார்ன் அடிக்க, நான் உள்ளே ஜடையோடு மல்லுக்கட்டுவேன். குழாய் குத்திப் பழகிய கை. எப்படிப் பின்னினாலும் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுதான் கிடக்கும்.

ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இப்படியே போனா வெட்டிட வேண்டியதுதான்."

"முடியையா?"

"இல்ல, கையை."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. முடியைத்தான் சொல்கிறாள். ஆனால் முடியை வெட்டினால் கை இனி வராது என்று அவளே முடிவு செய்துவிட்டதாக அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண் சொல்லியிருந்தார்: நல்லா சூடு காட்டுங்க, அப்புறம் சுவர் பக்கம் நின்னு விரலாலேயே மேல ஏறுங்க, தினமும் கொஞ்சம். சூட்டுக்கு ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி வைத்துப் பார்த்தோம். பை ஆறியதும் தோளும் பழையபடி ஆகிவிடும். விரல்கள் சுவரில் கொஞ்ச தூரம் ஏறி, அடுத்த படிக்குப் பயப்படும் நண்டு போல நின்றுவிடும்.

அந்த வருஷம் ஹோட்டலில் ஊழியர் குடும்ப தினம் வந்தது. அன்றைக்கு மட்டும் நீச்சல் குளம், சவுனா எல்லாம் எங்களுக்கும் திறந்துவிட்டார்கள். சவுனா என்பது வேறொன்றுமில்லை, சுற்றிலும் பலகை அடித்த சின்ன அறை. மூலையில் மின் அடுப்பு, அதன்மேல் கற்கள். கல் சூடேறும், நாம் பலகையில் உட்கார்ந்து வியர்ப்போம். வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துச் செய்வது. என் மனைவி மற்ற பெண்களோடு சாரோங் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து வலது கையை உயர்த்தினாள். காதுவரை வந்தது. அவளே அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தாள், யாருடைய கை என்பது போல.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெம்பான் முச்சந்தி வந்ததும் என் காதருகே கேட்டாள்:

"மறுபடியும் எப்ப திறப்பாங்க?"

"அடுத்த வருஷம்."

கேள்வி அதோடு நின்றது. என் தலைக்குள்தான் ஏதோ ஒன்று சூடேறத் தொடங்கியது.

அவளுடைய தம்பி, என் மச்சான், மலாக்கா டவுனில் பேங்க்கில் வேலை. எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பவன். விஷயத்தைச் சொன்னதும் கோலாலம்பூரிலிருந்து ஒரு சவுனா கம்பெனி ஆளையே வரவழைத்துவிட்டான். வந்தவர் டேப் பிடித்து அளந்தார், வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அட்டையில் ஒரு பெண் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வியர்க்கவே இல்லை. எல்லாம் தயாராகப் பெட்டியாக வந்துவிடும், பொருத்த வேண்டியதுதான் என்றார். அவர் சொன்ன விலையை இங்கே எழுதினால் என் மனைவிக்கு மறுபடியும் தோள் பிடித்துக்கொள்ளும்.

அவர் போனதும் நான் சொன்னேன், "இதை நானே கட்டிடுவேன்."

மச்சான் புத்தகத்தை மெதுவாக மூடினான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஹால்ல ஃபேன் நீங்கதான் மாட்டுனீங்க. இன்னிக்கு வரைக்கும் அது சுத்துறப்போ நாங்கெல்லாம் தலையைக் குனிஞ்சிக்கிட்டுத்தான் சோறு சாப்பிடுறோம்."

"அது விழுந்துச்சா?"

"விழலை. அதான் பயமே. இன்னும் விழலை."

என் மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். "கட்டட்டும்," என்றாள். "ஆனா மொதல்ல அவரே உள்ள போயி உக்காரட்டும். உசுரோட வந்தா நான் போறேன்."

இதை நான் ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

அதிர்ஷ்டமும் வந்து சேர்ந்தது. ஹோட்டல் சவுனாவின் பழைய அடுப்பைக் கழற்றிப் புதிது வைத்தார்கள். மேனேஜரிடம் கேட்டேன். எடுத்துப் போ, தூக்கிப் போடும் வேலை மிச்சம் என்றார். கரண்டு விஷயத்தில் மட்டும் நான் கோழை. அதற்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் அந்தப் பெரிய அடுப்பின் மூன்று கம்பிச் சுருளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, சின்ன அறைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். போகும்போது, "வயருக்கு நான் பொறுப்பு, மத்ததுக்கு நான் இல்லலா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றது என்பது பலகை. அங்கேதான் என் மூளை வேலை செய்தது.

நான் வேலை பார்த்த தோட்டத்தில் ரப்பரை அழித்துப் பாமாயில் எடுக்கும் செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். புகைக்கொட்டகையை இடித்துப் பலகைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். நான் யோசித்தேன்: சவுனாவுக்கு என்ன வேண்டும்? சூட்டில் கோணாத பலகை. என் ஆயுசுக்கும் மேலாகச் சூட்டிலேயே நின்ற பலகை இது. ஓர் அங்குலம்கூட வளையவில்லை. இதைவிட நல்ல பலகையை எந்தக் கம்பெனிக்காரன் கொண்டுவருவான்? இப்போது எழுதும்போதும் அந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. அதுதான் என் வாதங்களின் குணம். உள்ளே உட்கார்ந்து பார்க்கும்வரை ஓட்டை தெரியாது.

லாரியில் கொண்டுவந்து இறக்கினேன். கறுப்பாக இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், கறுப்பு போய்த் தேன் நிறம் வந்தது. அடுப்பங்கரை ஓரத்தில், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறை எழுந்தது. புகைக்கொட்டகையில் மேல்தட்டு ஷீட்டுதான் சீக்கிரம் காயும். அதனால் உட்காரும் பலகையை உயரத்தில் வைத்தேன். கீழே காற்று வர ஓர் இடைவெளி, மேலே போக ஒன்று. பலகைகளுக்கு நடுவே விரல் அகலம் சந்து விட்டு இருக்கை, முதுகுக்குச் சாய்மானம். முடித்துவிட்டு நின்று பார்த்தபோது, ஹோட்டலில் உள்ளதைவிட என்னுடையதுதான் அழகு என்று தோன்றியது. அதை மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சோதனை. மச்சான் வந்துவிட்டான். தோற்பதைப் பார்க்க வந்தவன் மாதிரி நல்ல சட்டை போட்டிருந்தான். நான் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

கல் சூடேறியது. முதலில் வந்தது ஒரு வாசனை. மோசமான வாசனை என்று சொல்ல மாட்டேன். இளவயது வாசனை. கண்ணை மூடினேன், தோட்டத்துக்கே போய்விட்டேன். சற்று நேரத்தில் தோட்டம் மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. கண்ணைத் திறந்தால் பலகைகள் வியர்த்துக்கொண்டிருந்தன. நான் வியர்ப்பதற்கு முன்னால் அவை வியர்த்தன. அத்தனை வருஷமாகக் குடித்து வைத்திருந்த புகை முழுவதும் பழுப்பு நிறச் சொட்டாக வெளியே வந்தது. ஒன்று என் தலையில் விழுந்தது. உயிரோடு வெளியே வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வந்தேன்.

மச்சான் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தான். சாய்மானப் பலகைகள் என் முதுகில் வரிவரியாகப் பதிந்திருந்தன, பழுப்பு நிறத்தில். ரப்பர் ஷீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிலும் இதே வரிகள்தான் இருக்கும்.

அதற்குள் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அடுத்த வீட்டு அக்கா. அவரும் பழைய தோட்டத்து ஆள்தான். காய்ந்த ஷீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார், அதில் ஒளிவு மறைவு கிடையாது.

"தம்பி, யாரு வூட்டுல ஷீட்டு காயுது?"

"நான்தான்க்கா," என்றேன்.

மச்சான் என் தோளைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினான். "பாருங்கக்கா. மொத நம்பரா, ரெண்டாம் நம்பரா?"

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெயில் பக்கம் திருப்பு. அழுக்கு நெறைய இருக்கு. மூணாம் நம்பர்கூடத் தேறாது. வெட்டி எறியுறதுல போடு."

என் மனைவி சிரித்த சிரிப்பில் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த நிலையிலும் அவள் வலது கை தொங்கியபடியேதான் இருந்தது. இடது கையால்தான் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அந்த வாசனை சோப்புக்குப் போகவில்லை. சீயக்காய்க்கும் போகவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். இரண்டாம் மாடியில் ஏதோ கருகுகிற வாசனை வருவதாக ஒரு விருந்தாளி சொல்கிறார், போய்க் கண்டுபிடி என்றார். இரண்டாம் மாடிக்குப் போனேன். காலையில் அங்கேதான் ஒரு குழாயைக் குத்தியிருந்தேன். சுவிட்சுப் பெட்டிகளைத் திறந்து மூடினேன். முகம் முழுக்கக் கவலையோடு தாழ்வாரத்தில் மூக்கை உயர்த்தி நடந்தேன். வாக்கி டாக்கியில் மேனேஜர் சொன்னார், இப்போது மூன்றாம் மாடியில் வருகிறதாம். மூன்றாம் மாடிக்குப் போனேன். லிஃப்டிலும் வருகிறது என்றார்கள். அன்று முழுவதும் அந்த வாசனையை நான் மாடி மாடியாகத் துரத்தினேன். அதுவும் என்னைவிட்டு ஓர் அடி விலகவில்லை. சாயங்காலம் என் ரிப்போர்ட்: காரணம் தெரியவில்லை, நாளைக்குக் குறையலாம்.

வீட்டுக்கு வந்தால் மச்சான் வழவழப்பான புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஆனால் ஜெயித்த முகம் இல்லை. தன் அக்காள் கையைப் பற்றித்தான் அவனுக்கும் கவலை. "மாமா, நாள் போவுதுலா. போக போக இறுகிடும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்கல்ல. கம்பெனிக்குப் போன் அடிக்கவா?"

இரண்டு நாளாகத் தாழ்ந்த குரலில் நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கைக்கெட்டின வேலைதான், ஆனால் கெட்டுப் போனால் என் பெருமை மட்டும் போகாது, அவள் தோளும் போகும். "அடி," என்றேன்.

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். "அடிக்கிறதுக்கு முன்ன கேளு. கதவுக்குக் கொண்டியே இல்லாம தருவாங்களான்னு கேளு. ஹோட்டல்ல உள்ள உக்காந்து இருக்கறப்ப, கதவு சிக்கிக்கிச்சின்னா என்ன செய்யன்னுதான் நெனப்பு. அப்புறம், அடுப்பங்கரைய பாக்குற மாதிரி ஜன்னல் வேணும். நான் உள்ள இருக்கறப்ப இவரு பருப்பைத் தீய விட்டா யாரு பாக்குறது?"

மச்சான் போன் போட்டுக் கேட்டான். பெட்டி எப்படி வருகிறதோ அப்படித்தான், மாற்ற முடியாது என்றார்கள்.

"அப்ப வேணாம். இவரே கட்டட்டும்."

"அக்கா, இவரா? நேத்துப் பாத்தல்ல?"

"பாத்தேன். இவரு தப்பா கட்டுனா, பிரிடான்னா பிரிச்சிட்டு மறுபடியும் கட்டுவாரு. கம்பெனிக்காரன் கட்டுவானா?"

என் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. 'பிரிடா' என்று ஒரு டா இருந்ததை நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிரித்தேன். தோட்டத்துப் பலகைகள் அனைத்தும் கோழிக்கூண்டு கட்ட ஓர் ஆளுக்குப் போயின. ஜாசின் பக்கத்தில் ஒரு சீனர் பலகைக்கடை. போன முறை அங்கே எட்டிக்கூடப் பார்க்காமல் புத்திசாலியாகக் கடந்து போயிருந்தேன். இந்த முறை உள்ளே போய், சூட்டில் மனிதர் உட்காரப் பலகை வேண்டும் என்று மலாயில் கேட்டேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். என்னையும் வெளியே அடிக்கிற வெயிலையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளுத்த, லேசான, கணு இல்லாத ஜெலுத்தோங் மரப் பலகையைக் காட்டினார். நன்றாகக் காய்ந்தது, சூடு பிடிக்காது, ஒழுகாது என்றார். பச்சையாக வெட்டினால் இதுவும் பால் வடியும் மரம்தான் என்று சொன்னார். ரப்பரை விட்டாலும் எங்கள் குடும்பத்துக்குப் பால்மரத்திலிருந்து விடுதலை கிடையாது என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. சூட்டில் தோலைச் சுடாதபடி ஆணிகளைப் பலகைக்குள் புதைத்தேன். கதவு, விரலால் தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கும். கொண்டி, பூட்டு எதுவும் இல்லை. உட்கார்ந்த நிலையில் அவள் கண் மட்டத்துக்கு, சூடு தாங்கும் கண்ணாடி போட்டு ஒரு ஜன்னல். அதை அளப்பதற்கு அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, "பருப்புச் சட்டி தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் கோடு போட்டேன். முடிந்ததும் மறுபடியும் நானே முதலில் உட்கார்ந்தேன். வியர்த்தது நான் மட்டும். வெளியே வந்து முதுகைக் காட்டினேன். மச்சான் தடவிப் பார்த்து, விரலை மோந்தும் பார்த்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் என் மனைவி உள்ளே, நான் அடுப்படியில். சூடு ஏறியதும் எழுந்து பலகைச் சுவரில் விரல்களை ஏற்றுவாள். விரல் நின்ற இடத்தில் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து ஒட்டுவாள். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுகிற பழக்கம்தான். மறுநாள் அந்தப் பொட்டைத் தாண்டிவிட்டால் ஜன்னலைத் தட்டிக் காட்டுவாள். நான் கரண்டியை உயர்த்திக் காட்டுவேன். தினமும் தாண்டினாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் முகத்தில் பழைய தெம்பு வந்துவிட்டது. நான் ஹோட்டல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் அவள் வெளியே வந்த பிறகு நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிரே சிவப்புப் பொட்டுகள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒட்டிய பொட்டு அசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சூட்டில் பசை இளகி, அது சாவகாசமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒட்டியவை ஏற்கெனவே இறங்கி முடித்திருந்தன. தினமும் அவள் தாண்டியது நேற்றைய கையை அல்ல. தானாகவே இறங்கி வழிவிட்ட பொட்டை.

அவ்வளவு சூட்டிலும் எனக்குக் குளிர்ந்தது.

சொன்னால் மனசு விட்டுவிடுவாள், கத்திரியை எடுத்துவிடுவாள். சொல்லாவிட்டால், இல்லாத வெற்றிக்குக் கரண்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும் ஆள் நான். வழக்கம்போல இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் அவள் பொட்டு ஒட்டிவிட்டு வெளியே வந்ததும், அது நகர்வதற்கு முன்னால் உள்ளே நுழைந்து, தச்சுப் பென்சிலால் அதன் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான். பென்சில் கோடு வழுக்காது. சில நாள் கோட்டின் மேலேயே கோடு விழுந்தது. ஒரு நாள் கீழே விழுந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் போகப் போக, பொட்டு காட்டிய வேகத்தில் இல்லை என்றாலும், கோடுகள் மேலே போயின. கடைசிக் கோட்டுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில் என் உள்ளங்கை நன்றாகவே அடங்கியது.

அப்போது கையும் களவுமாகப் பிடிபட்டேன். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வரும்போது அவள் கதவருகே நின்றிருந்தாள்.

"உள்ள என்ன கிறுக்கிறீங்க தெனமும்?"

சொன்னேன். பசை, பொட்டு, கோடு எல்லாவற்றையும். அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். ஒரு பொட்டைத் தொட்டாள். அது விரலோடு வந்தது.

"அப்ப நான் தட்டுனப்பெல்லாம் பொய்யா?"

"கொஞ்சம் பொய். மிச்சம் நெசம். அந்தக் கோட்டைப் பாரு."

"இத்தனை நாளா தெரிஞ்சிக்கிட்டே கரண்டிய ஆட்டிக்கிட்டு இருந்தீங்க. நான் என்ன சின்னப் புள்ளயா? கைக்குச் சொந்தக்காரி நானு. எங்கிட்ட சொல்லணுமா இல்லையா?"

"சொன்னா நீ முடிய..."

"குடுங்க அந்தப் பென்சில. இனிமே நான் போட்டுக்கறேன்."

கொடுப்பதற்குள் அவளே எடுத்துவிட்டாள், என் காதிலிருந்து. நான் அவளைவிட ஒரு தலை உயரம். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் நாலு வார்த்தை திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அது வலது கை.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். மெதுவாக அதைக் கீழே இறக்கினாள். மறுபடியும் உயர்த்தி, பென்சிலை என் காதில் செருகினாள். மறுபடியும் எடுத்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் செருகினாள். அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியவள் வெளியே என் காதோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகும் நாள் எடுத்தது. கோடுகள் ஏறி, ஒரு நாள் அவள் தலையைத் தாண்டின. ஒரு காலையில் வேன் வருவதற்கு முன்னால் சீப்போடு வழக்கம்போல அவள் பின்னால் போய் நின்றேன். அவள் ஏற்கெனவே பின்னி முடித்திருந்தாள். நேராக, கயிறு போல, நடு முதுகில். வேன் போன பிறகும் நான் சீப்பைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தேன். எதிர்வீட்டு மலாய்க்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். என் மனைவி தலை பின்னிவிட்டாள் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

மச்சான் வந்தான். அக்காளின் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தான், ஜடையைப் பார்த்தான், பிறகு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து நனைந்து வெளியே வந்தான். "மாமா, கதவு நல்லாத்தான் இருக்கு," என்றான். அவனிடமிருந்து அது பெரிய வார்த்தை. ஃபேனைப் பற்றி அன்று பேசவில்லை.

செய்தி எங்கள் வரிசை வீடுகளில் பரவியது. முதலில் அடுத்த வீட்டு அக்கா முழங்காலோடு வந்தார். பிறகு இடுப்பு, கழுத்து என்று மற்றப் பெண்களும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் அடுப்பங்கரையில் சாரோங்கும் துண்டுமாகக் கூட்டம். என் மனைவி ஆட்களை முறை வைத்து அனுப்புவாள். ஜன்னலுக்கு ஒரு துணியும் தொங்கவிட்டாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொள்வேன். உள்ளே இருப்பவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும் அல்லவா? பலகை ஏன் வெளுப்பு, காற்று எப்படிக் கீழே நுழைந்து மேலே போகிறது, ஆணியை ஏன் புதைத்தேன், கம்பெனிக்காரன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன், கொண்டி இல்லாத கதவு யாருடைய யோசனை, அதைச் செய்த கை யாருடையது என்பதையெல்லாம் கதவு வழியாகவே குரலை உயர்த்திச் சொல்வேன். புதிதாக யாராவது உள்ளே போனால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஒரு ஞாயிறு அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. என்னக்கா, சூடு அதிகமா, குறைக்கவா என்று கேட்டேன்.

"சூடு தாங்குதுய்யா," என்றார் அக்கா, துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே. "ஒன் வாயிதான் தாங்கல."